ஏறி வந்தவங்க எழுதின மலை

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். இது இலக்கிய விமர்சனம் கிடையாது. படிமம், குறியீடு, கதைசொல்லல் உத்தி எல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க தாராளமா அடுத்த பக்கத்துக்குப் போயிடலாம். போன செமஸ்டர் ஆரம்பத்துலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் படிச்ச சில நாவல்களைப் பத்தி, மெஸ்ஸுல தட்டை முன்னாடி வச்சுக்கிட்டு பேசற மாதிரி பேசப் போறேன். பிடிச்சதைப் பிடிச்சதுன்னு சொல்வேன். கொட்டாவி வந்த இடத்துல கொட்டாவி வந்ததுன்னும் சொல்வேன். சண்டைக்கு வர்றவங்க புத்தகத்தைப் படிச்சிட்டு வரணும், அதுதான் ஒரே கண்டிஷன்.

இந்தத் தடவை கைக்குக் கிடைச்சதை எல்லாம் படிக்காம ஒரு வரிசை வச்சுக்கிட்டேன். எல்லாமே மலையில நடக்கிற கதைகள். காரணம் சிம்பிள். நான் போளூர் பக்கம். எங்க வீட்டு மொட்டை மாடியில ஏறினா மேற்கே ஜவ்வாது மலை படுத்திருக்கும். பொறந்ததுலேர்ந்து பார்க்கிற மலை. ஆனா அதைப் பத்தி எழுதச் சொன்னா என்கிட்ட இருக்கிறது ஒரு டூரிஸ்ட் லிஸ்ட்தான்: ஜமுனாமரத்தூர் கோடை விழா, பீமன் அருவி, காவலூர் டெலஸ்கோப், சாமை, தேன், பலாப்பழம். மலைமேல மனுஷங்க எப்படி இருப்பாங்கன்னு நாவல் சொல்லுமேன்னு ஆரம்பிச்சேன்.

இதுல இன்னொரு ஆளும் சம்பந்தப்பட்டிருக்கான். ஹாஸ்டல்ல என் பக்கத்து ரூம். ஜமுனாமரத்தூருக்கும் மேல ஒரு கிராமம். பேர் போடாதேன்னு சொல்லிட்டான், அதனால இங்க அவன் வெறும் 'நண்பன்'. நான் படிச்சு முடிச்ச புத்தகத்தை எல்லாம் அவனும் படிச்சான். பாதியில வச்சதும் உண்டு. மூணாவது புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன் சொன்னதை வச்சுத்தான் இந்தக் கட்டுரையே:

"மச்சான், இந்தக் கதைங்கள்ல மலைக்காரன்னா ஒண்ணு பாவம், இல்லன்னா சாமி. நடுவுல ஒருத்தனும் இல்லையாடா? கடன் வாங்கிட்டு டிமிக்கி கொடுக்கிறவன், சீட்டு ஆடறவன், அரியர் வச்சிருக்கிறவன்... எங்க ஊர்ல எல்லாரும் இருக்காங்களே!"

அன்னிக்கு அதைச் சிரிச்சுக்கிட்டே விட்டுட்டேன். அப்புறம் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் அந்தக் கேள்வி வந்து உக்காந்துக்கிச்சு. நான் அதோட இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கிட்டேன். இந்த நாவல்ல மலை ஏறி வர்றது யாரு? மலையை விட்டு இறங்கிப் போறது யாரு? கதையை யாரு கண்ணால நாம பார்க்கிறோம்? இந்த ஸ்கேலை வச்சு அளந்ததுதான் கீழே இருக்கிற எல்லாம்.

வேள்பாரி

நம்ம காலேஜ்ல நாவலே படிக்காதவன்கூட படிச்ச நாவல். சு. வெங்கடேசன் ஆனந்த விகடன்ல தொடரா எழுதினது. பறம்பு மலையும் பாரியும் கபிலரும் எல்லாருக்கும் தெரியும்ங்கிறதால சுருக்கமா முடிச்சுக்கறேன். வேகம்னா வேகம். முதல் பாகத்தை மூணு ராத்திரியில முடிச்சேன். செடி, கொடி, பூச்சி, விலங்குன்னு காட்டைப் பத்தின தகவல் கொட்டிக் கிடக்கு.

ஆனா ஸ்கேல் வச்சா? கபிலர்ங்கிற வெளியாள் மலை ஏறி வர்றார். நீலன் முன்னாடி நடந்து ஒவ்வொண்ணா காட்டறான். கபிலர் வியக்கிறார், அவரோட சேர்ந்து நாமும் வியக்கிறோம். பறம்புக்காரங்க எல்லாருமே வீரர், எல்லாருமே அறிவாளி, எல்லாருமே நல்லவங்க. நண்பன் இதை ரசிச்சுத்தான் படிச்சான். முடிச்சிட்டு, "செம மாஸ்டா. ஆனா இவ்ளோ நல்லவங்களா ஒரு ஊர்ல இருந்தா எனக்குப் பயமா இருக்கும்"னான். 'சாமி' பக்கத்துல ஒரு டிக் போட்டுக்கோங்க.

காடு

ஜெயமோகனோட நாவல், 2003. சிவில்காரங்க எல்லாரும் கட்டாயம் படிக்கணும், ஏன்னா கதாநாயகன் நம்ம ஆளு. கிரிதரன்ங்கிற இளைஞன் மாமாவோட கான்ட்ராக்ட் வேலைக்கு உதவியா குமரி மாவட்டத்து மலைக்காட்டுக்குள்ள போறான். என்ன வேலைன்னு கேட்டா, கல்வெர்ட் கட்டறது! நமக்கு கல்வெர்ட்னா ஹைட்ராலஜி பேப்பர்ல வர்ற ஒரு படம். இங்கே அது ஒரு வாழ்க்கை. சிமென்ட் காயறதுக்குள்ள மிளா ஒண்ணு மிதிச்சிட்டுப் போன குளம்புத் தடம் அந்த கல்வெர்ட்ல பல வருஷம் கழிச்சும் அப்படியே இருக்கும். நாவல் ஆரம்பத்திலேயே வர்ற இந்த ஒரு விஷயத்துக்காகவே புத்தகத்தை வாங்கலாம். எந்த கான்கிரீட் டெக்னாலஜி புத்தகமும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்ல: நாம கட்டறது எல்லாமே ஏற்கெனவே யாரோ நடந்துக்கிட்டு இருக்கிற வழியிலதான் கட்டறோம்.

மழை வர்ற பக்கங்கள் பிரமாதம். சமையல், பேச்சு, நக்கல், காட்டு ஞானம்னு எல்லாத்தையும் கையில வச்சிருக்கிற குட்டப்பன்தான் என்னைப் பொறுத்தவரை நிஜ ஹீரோ. குட்டப்பன் சீன் முடிஞ்சு கிரியோட புலம்பல் ஆரம்பிச்சா பக்கம் மெதுவாயிடும். அங்கங்கே கொட்டாவி உண்டு.

என் பிரச்சனை நீலி. மலைக்குடிப் பெண். கிரி அவளைப் பார்க்கிற கண்ணு முழுக்க சங்கப் பாட்டு. அதனால அவ குறிஞ்சித்திணைத் தலைவியாத்தான் தெரியறா. அவளுக்கு என்ன பிடிக்கும், யார்மேல கோபம், காலையில எழுந்ததும் முதல் வேலை என்னன்னு கேட்டா என்கிட்ட பதில் கம்மி. கிரியோட மனசுக்குள்ள நடக்கிற கதைங்கிறதால அது அப்படித்தான் இருக்கும்னு ஒரு சீனியர் வாதாடினாங்க. நியாயமான பாயின்ட்தான். இருந்தாலும் கல்வெர்ட்டுக்கு இவ்வளவு விவரம் இருக்கு, நீலிக்கு இல்லையேன்னு தோணுச்சு.

குறிஞ்சித்தேன்

இந்த வரிசையில நான் எதிர்பார்க்காம விழுந்தது இதுல. ராஜம் கிருஷ்ணன், 1963. நீலகிரி படகர்களோட மூணு தலைமுறைக் கதை. அறுபது வருஷத்துக்கு முந்தின நாவல், மெதுவாத்தான் போகும்னு நினைச்சா, அடுத்த பஸ் வர்ற வரைக்கும் ஸ்டாப்புல நின்னுக்கிட்டே படிக்க வச்சிடுச்சு.

ராஜம் கிருஷ்ணனோட கணவர் மின்துறை இன்ஜினியர். அவர் வேலையாலதான் நீலகிரியில வாழற வாய்ப்பு அவங்களுக்கு வந்தது. குந்தா நீர்மின் திட்டம் 1950-கள்ல, கனடா உதவியோட அங்கே வந்துக்கிட்டிருந்த காலம். அதாவது டர்பைனைப் பத்தி வீட்டுக்காரர் யோசிச்சுக்கிட்டிருந்தப்ப, அந்தத் திட்டம் வர்ற மண்ணுல ஏற்கெனவே இருக்கிறவங்களைப் பத்தி இவங்க யோசிச்சிருக்காங்க. நம்ம டிபார்ட்மென்ட்ல இந்த ரெண்டு யோசனையையும் ஒரே ஆள் செய்யற மாதிரி ஒரு பாடம் வச்சா நல்லா இருக்கும்.

கதையில ரங்கன்னு ஒருத்தன், ஜோகின்னு ஒருத்தன். ரங்கன் ஹட்டியை விட்டு ஊட்டிக்கு ஓடிப்போயிடறான். ஜோகி ஊரோட முறைமைக்குக் கட்டுப்பட்டு அங்கேயே நிக்கிறான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கிற குறிஞ்சியை வச்சு காலம் நகருது. தேயிலை வருது, காசு வருது, பள்ளிக்கூடம் வருது, அணை வருது. பங்காளிகளுக்குள்ள பகையும் கூடவே வருது. பொறாமை, பேராசை, பிடிவாதம்னு எல்லாம் இருக்கு. அப்பாடா, நண்பன் கேட்ட 'நடுவுல இருக்கிறவங்க' கிடைச்சாச்சு! இங்கே மலைக்காரங்க ஒருத்தரை ஒருத்தர் ஏமாத்தவும் செய்யறாங்க, மன்னிக்கவும் செய்யறாங்க.

குறைன்னு சொல்லணும்னா, கடைசிப் பகுதியில எல்லா முடிச்சையும் ஒழுங்கா அவிழ்த்து வைக்கணும்ங்கிற அவசரம் தெரியுது. பத்திரிகைத் தொடர்ங்கிறதால இருக்கலாம். குறிஞ்சி கடைசியா 2018-ல பூத்துச்சு. அடுத்தது 2030. அதுக்குள்ள ஒருமுறை படிச்சிடுங்க.

எரியும் பனிக்காடு

பி.எச். டேனியல்னு ஒரு டாக்டர். ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்கள்ல மருத்துவரா வேலை பார்த்தவர். அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வச்சு ஆங்கிலத்துல எழுதி 1969-ல வந்த நாவல். 'ரெட் டீ'ன்னு பேர். இரா. முருகவேள் தமிழ்ல கொண்டுவந்தார், 2007. பாலாவோட 'பரதேசி' படம் இதைத் தழுவினதுதான். படம் பார்த்தாச்சேன்னு ஸ்கிப் பண்ணாதீங்க. படம் அழ வைக்கும், புத்தகம் கணக்குப் போட வைக்கும்.

1920-கள். திருநெல்வேலிப் பக்கத்துலேர்ந்து கருப்பனும் வள்ளியும் மலை ஏறறாங்க. இந்த வரிசையில, சாப்பாட்டுக்கு வழியில்லாம ஏறி வர்ற ஆளுங்க இவங்கதான். ஒரு மேஸ்திரி வர்றான், இனிக்க இனிக்கப் பேசறான், கையில முன்பணம் கொடுக்கிறான். அந்த முன்பணம்தான் விலங்கு. கம்பளிக்கு இவ்வளவு, அரிசிக்கு இவ்வளவு, காய்ச்சல்ல படுத்த நாளுக்குக் கூலி கிடையாதுன்னு கழிச்சுக்கிட்டே வந்தா, வருஷக் கடைசியில கடன் கூடியிருக்கும். ஊருக்குத் திரும்பற நாள் தள்ளிக்கிட்டே போகும். வில்லன் சிரிப்பு எல்லாம் தேவையே இல்ல. ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் போதும், ஒரு குடும்பத்தை அழிச்சிடலாம்.

மொழியழகை எதிர்பார்த்தீங்கன்னா ஏமாறுவீங்க. டாக்டர் கேஸ் ஷீட் எழுதற மாதிரி நேரா எழுதியிருக்கார். எனக்கு அதுதான் பிடிச்சது. நண்பன் இதை ஒரே உட்காரல்ல முடிச்சிட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "அட்வான்ஸ் கொடுத்து ஆள் கூட்டிட்டுப் போறது இன்னும் இருக்குடா" அப்படின்னான். அதுக்குக் கீழே வர்றேன்.

சோளகர் தொட்டி

ச. பாலமுருகன், 2004. எழுதினவர் வழக்கறிஞர், மனித உரிமை இயக்கத்துல இருக்கிறவர். சத்தியமங்கலம் மலைப்பகுதி சோளகர்களோட கதை. வீரப்பனைத் தேடறோம்னு தமிழ்நாடு, கர்நாடகா ரெண்டு பக்கத்து அதிரடிப்படையும் அந்த மக்களைப் பிடிச்சுக்கிட்டுப் போய் என்ன செஞ்சாங்கங்கிறதுதான் நாவலோட மையம். இது கற்பனைக் கொடுமை இல்ல. தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில குழு போட்டு விசாரிச்ச விவகாரம்.

இந்த நாவலோட பெரிய பலம் முதல் பாதின்னு நான் சொல்வேன். பெரும்பாலானவங்க ரெண்டாவது பாதியைப் பத்தித்தான் பேசறாங்க. முதல் பாதியில தொட்டியோட அன்றாடம் வருது. தலைவரைக் கொத்தல்லின்னு கூப்பிடறாங்க. ராகி விதைக்கிறாங்க, வேட்டைக்குப் போறாங்க, பாட்டும் ஆட்டமும் உண்டு, ஆண்-பெண் உறவுல கீழ்நாட்டுக்காரங்களுக்கு இருக்கிற இறுக்கம் இல்ல. நிலம் கைவிட்டுப் போகத் தொடங்கறது அப்பவே மெல்ல மெல்ல வந்துடுது. இதையெல்லாம் நமக்குப் பழக்கப்படுத்திட்டு அப்புறம் முகாமுக்குள்ள கூட்டிட்டுப் போறார். அதனாலதான் அங்கே அடி வாங்கறவங்க 'பாதிக்கப்பட்டவர்கள்'ங்கிற பத்திரிகை வார்த்தையா இல்லாம, சிவண்ணாவா, மாதியா தெரியறாங்க. ராத்திரி படிக்காதீங்க. நான் படிச்சேன், தூக்கம் போச்சு.

நண்பன் இதைத்தான் பாதியில திருப்பிக் கொடுத்தான். நல்லா இல்லாததால இல்ல. "முதல் பாதி எங்க ஆயா சொல்ற மாதிரியே இருக்கு. அதனால அடுத்தது படிக்க முடியல" அப்படின்னான். ஒரு நாவலுக்கு இதைவிடப் பெரிய மார்க் யாராலயும் போட முடியாதுன்னு நினைக்கிறேன்.

சங்கம்

கு. சின்னப்ப பாரதி, 1985. கொல்லிமலை மக்களோட கதை. இந்தப் பட்டியல்ல ஜவ்வாது மலைக்கு ரொம்பப் பக்கத்துல வர்ற நாவல் இதுதான். ஏன்னா கொல்லிமலையிலயும் ஜவ்வாது மலையிலயும் இருக்கிறது ஒரே மக்கள், மலையாளி பழங்குடி. உடனே கேரளான்னு நினைக்காதீங்க. மலையை ஆள்றவங்க மலையாளி. பேசறது தமிழ். காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தவங்க நாங்கன்னு அவங்க வழிவழியாச் சொல்ற கதை உண்டு. ஃபர்ஸ்ட் இயர்ல நண்பனோட சான்றிதழைப் பார்த்த ஒருத்தர், "அப்ப ஓணத்துக்கு என்ன ஸ்பெஷல்?"னு கேட்டிருக்கார். அவன் பொறுமையா, "எங்க ஊர்ல சாமைச்சோறு சார்"னானாம்.

நாவலுக்கு வருவோம். மலைமேல விளையறதை அடிமாட்டு விலைக்கு வாங்கற வியாபாரி, வட்டிக்கு விடறவன், அதிகாரத்தைக் காட்டற வனத்துறை ஆளுங்க, இவங்களுக்கு எதிரா மக்கள் சங்கமா சேர்றாங்க. சின்னப்ப பாரதி நாமக்கல் பக்கத்துக்காரர், விவசாய இயக்கத்துல வேலை செஞ்சவர். அதனால விலை, எடை, கடன் பத்தின விவரமெல்லாம் அச்சு அசலா இருக்கு. தராசுல எப்படி ஏமாத்தறாங்கன்னு படிக்கிறப்போ நம்ம ஊர் சந்தை ஞாபகம் வரும்.

குறையும் பெருசுதான். சில இடத்துல ஆளுங்க பேசறதை நிறுத்திட்டு மேடையில பேச ஆரம்பிச்சிடறாங்க. யாரு நல்லவன், யாரு கெட்டவன்னு ரொம்ப சீக்கிரம் தெரிஞ்சிடுது. ஆனாலும் மலைக்காரங்க தங்களுக்காகத் தாங்களே ஏதோ செய்யறாங்கங்கிற விஷயம், மத்த நாவல்கள்ல அவ்வளவு அழுத்தமா இல்ல. நூலகத்துல இந்தப் புத்தகத்தோட அட்டையில கடைசியா விழுந்த தேதி முத்திரை நான் பொறக்கறதுக்கு முன்னாடி. வேள்பாரி எடுக்க வரிசையில நிக்கிறோம், நிக்கட்டும். அந்த வரிசையில நாலு பேர் இதையும் எடுங்கப்பா.

கொச்சரேத்தி

இது தமிழ் நாவல் இல்ல. மலையாளத்துல 1998-ல வந்தது. நான் படிச்சது கேத்தரின் தங்கம்மாவோட ஆங்கில மொழிபெயர்ப்பு. எழுதினவர் நாராயண். தபால் துறையில வேலை பார்த்தவர், கேரளாவோட மலையரையர் சமூகத்தைச் சேர்ந்தவர். கேரளப் பழங்குடிகள்ல நாவல் எழுதின முதல் ஆள்னு அவரைச் சொல்றாங்க. எங்களைப் பத்தி மத்தவங்க எழுதறதுல நாங்க இல்லையேங்கிற ஆதங்கத்துலதான் எழுத உக்காந்தார். அதாவது நம்ம நண்பன் மெஸ்ஸுல கேட்ட கேள்வியை நாராயண் ஏற்கெனவே கேட்டு, பதிலையும் எழுதி வச்சிட்டார்!

கொச்சுராமன், குஞ்ஞிப்பெண்ணுன்னு ஒரு ஜோடி. கொச்சுராமன் மூலிகை வைத்தியம் தெரிஞ்சவன். குடிப்பான், கோபப்படுவான், அன்பாவும் இருப்பான். நிலத்தைக் கைவிட்டுடுவான். பிள்ளையைப் படிக்க வைப்பாங்க. மகள் பார்வதி படிச்சு வேலைக்குப் போய், மலையை விட்டு இறங்கி நகரத்து ஆளாயிடுவா. பெத்தவங்க அங்கேயே நின்னுடுவாங்க. அந்த இடைவெளிதான் நாவலோட உயிர். யாருமே பாவம் இல்ல, யாருமே சாமி இல்ல. கதை அங்கங்கே தாவும். நாலு வருஷம் ஒரே பாராவுல ஓடிப்போயிடும். ஒரு நல்ல எடிட்டர் இருந்திருந்தா சரி பண்ணியிருப்பார். பண்ணலைன்னாலும் பரவாயில்ல. வீட்டு ஆளு வீட்டுக் கதை சொல்லும்போது அப்படித்தான் தாவிச் சொல்வாங்க.

இதைப் படிச்சப்புறம் பட்டியலைத் திரும்பிப் பார்த்தேன். கான்ட்ராக்டரோட மருமகன் கண்ணு, இன்ஜினியரோட மனைவி, எஸ்டேட் டாக்டர், வழக்கறிஞர், விவசாய இயக்கத்துக்காரர். எல்லாருமே ஏறி வந்தவங்க. அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஏறி வந்து கண்ணைத் திறந்து பார்த்தாங்களே, அதுக்கே கையெடுத்துக் கும்பிடணும். சோளகர் தொட்டி இல்லாம போயிருந்தா அந்தக் கொட்டடியைப் பத்தி என் தலைமுறைக்கு என்ன தெரிஞ்சிருக்கும்? ஆனா ஏறி வந்தவங்க முதல்ல பார்க்கிறது ரெண்டைத்தான்: அழகு, இல்லன்னா துயரம். அவங்க கண்ணுல அதுதான் முதல்ல படும். மலையில பொறந்தவனுக்கு ரெண்டும் பழகிப்போச்சு. அவனுக்குத் தெரிஞ்சது இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற நாள்கள். அந்த நாள்களை எழுதறதுக்கு அங்கேயே இருந்த ஆள் வேணும்.

நம்ம மலை

சரி, ஜவ்வாது மலைக்கு வர்றேன். இந்த மலை இலக்கியத்துக்குப் புதுசு இல்ல. பத்துப்பாட்டுல கடைசிப் பாட்டான மலைபடுகடாம், செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடறது, 583 அடி. பரிசு வாங்கிட்டு வந்த கலைஞன், இன்னொரு கலைக்குழுவுக்கு மலைவழி சொல்றான்: எந்த இடத்துல கால் வழுக்கும், எந்த ஊர்ல என்ன சோறு போடுவாங்க, எங்கே பாம்பு இருக்கும்னு. இன்னிக்கு பைக்கை எடுத்துக்கிட்டு போளூர்லேர்ந்து ஜமுனாமரத்தூர் ஏறறவனுக்கு கூகுள் மேப்கூட இவ்வளவு அக்கறையாச் சொல்றதில்ல. ஆனா பாருங்க, அதுவும் ஏறிப் போறவங்களுக்கான பாட்டுதான்.

மலைமேல காவலூர்ல 2.34 மீட்டர் வைணு பாப்பு டெலஸ்கோப் நிக்குது. 1986-லேர்ந்து ஆகாசத்தைப் பார்க்குது. யுரேனஸைச் சுத்தி வளையம் இருக்குன்னு 1977-ல உலகத்துக்குத் தெரிஞ்சதுல காவலூர்லேர்ந்து பார்த்தவங்களுக்கும் பங்கு உண்டு. அவ்வளவு தூரத்துல இருக்கிற ஒரு கோளோட வளையம் ஜவ்வாது மலையிலேர்ந்து தெரிஞ்சிருக்கு. அந்த டெலஸ்கோப்போட அடிவாரத்துல குடியிருக்கிறவன் எந்த பஸ்ஸுல ஏறி எங்கே வேலைக்குப் போறான்னு, 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எனக்குத் தெரியல.

இறங்கிப் போறாங்கங்கிறது மட்டும் எல்லாருக்கும் தெரியும். காபித் தோட்டத்துக்கு, கட்டட வேலைக்கு, கேரளாவுக்கு, கர்நாடகாவுக்கு. சிலர் ஆந்திரா காட்டுக்கு. எரியும் பனிக்காட்டுல வர்ற மேஸ்திரியோட பேரன் மாதிரி ஏஜென்ட் இன்னிக்கும் வர்றான், கையில முன்பணத்தோட. 2015 ஏப்ரல் 7, திருப்பதிக்குப் பக்கத்துல சேஷாசலம் காட்டுல ஆந்திர போலீஸ் சுட்டு 20 பேர் செத்தாங்க. திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டத்துக்காரங்க நிறைய பேர், நம்ம மலைக்காரங்களும் அதுல. மோதல்னு போலீஸ் சொல்லிச்சு. மனித உரிமை அமைப்புகள் அதை ஏத்துக்கல. வழியில பஸ்ஸுலேர்ந்தே பிடிச்சு இறக்கினாங்கன்னு உயிர் தப்பினவங்க சாட்சி சொன்னாங்க. விவகாரம் தேசிய மனித உரிமை ஆணையம் வரைக்கும் போச்சு.

இது நடந்தப்போ நான் சின்னப் பையன். எனக்கு ஞாபகம் இருக்கிறது டிவியில கீழே ஓடின '20 பேர்'ங்கிற எண்ணும், 'செம்மரக் கடத்தல்'ங்கிற வார்த்தையும்தான். அந்த வார்த்தை எவ்வளவு நாள் நிக்கும் தெரியுமா? நண்பன் ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு அறிமுகக் கூட்டத்துல ஊர் ஜவ்வாது மலைன்னு சொன்னதும், பின்னாடிலேர்ந்து ஒரு குரல்: "செம்மரம் வெட்டுவியா?" எல்லாரும் சிரிச்சாங்க. அவனும் சிரிச்சான். அதுக்கப்புறம் யார் கேட்டாலும் "திருவண்ணாமலை"ன்னுதான் சொல்றான்.

நாவல் எதுக்குன்னு கேக்கறவங்களுக்கு என்கிட்ட இருக்கிற பதில் இதுதான். இதே செங்கம் வட்டாரத்துல நடுகற்கள் நிறைய. ஆநிரை கவர்ந்த சண்டையில, மீட்ட சண்டையில செத்தவங்களுக்கு நட்டது. எடுத்தனூர்னு ஒரு ஊர். அங்கே இருக்கிற கல் மகேந்திரவர்மன் காலத்தது, 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்திங்கிற வீரன் நிக்கிறான், பக்கத்துல அவனோட நாய். நாயோட பேர் கோவிவன். கள்ளர்களைக் கடிச்சுப் போராடினதுன்னு அதுக்கும் சேர்த்துக் கல்லுல எழுதியிருக்காங்க. 1,400 வருஷம் ஆச்சு, ஒரு நாயோட பேர் நமக்குத் தெரியும். 2015-ல போனவங்கள்ல ஒரே ஒரு ஆளோட பேரை யோசிக்காம சொல்லுங்க பார்ப்போம். பேப்பர்ல போட்டாங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா பேப்பர்ல வந்த பேர் மறுநாள் பஜ்ஜி மடிக்கப் போயிடும். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு வீடு, ஒரு சண்டை, ஒரு கெட்ட பழக்கம், பொண்டாட்டிக்கு வாங்கித் தர்றேன்னு சொன்ன ஒரு கிரைண்டர் எல்லாம் இருந்தா மட்டும்தான் அது மனசுல நிக்கும். அதைச் செய்யறது நாவல்தான்.

அந்த நாவலை நான் எழுத முடியாது. நான் மொட்டை மாடியிலேர்ந்து பார்க்கிறவன். எழுதினா வேள்பாரிக்கு மோசமான நகல் ஒண்ணு வரும், இல்லன்னா கண்ணீர் வடியற ஒரு கட்டுரை வரும். எழுத வேண்டியவங்க நம்ம காலேஜுலயே இருக்காங்க. ஜவ்வாது மட்டும் இல்ல, ஏலகிரி, கல்வராயன், சித்தேரி, கொல்லிமலைலேர்ந்து வந்து படிக்கிறவங்க ஒவ்வொரு டிபார்ட்மென்ட்லயும் ஒருத்தர் ரெண்டு பேராவது இருக்காங்க. உங்க பேச்சுலயே எழுதுங்க. இலக்கணம் பார்க்கிற வேலையை நாங்க செய்யறோம். நாவல் எல்லாம் அப்புறம். முதல்ல உங்க ஊருக்கு ஏறற கடைசி பஸ்ஸைப் பத்தி மூணு பக்கம் எழுதுங்க. அதுல யார் யார் வருவாங்க, யார் தூங்குவாங்க, கண்டக்டர் யார்கிட்ட டிக்கெட் கேக்க மாட்டார்னு உங்களுக்குத்தான் தெரியும்.

மத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். மேல சொன்னதுல ஒண்ணே ஒண்ணு படிக்க டைம் இருக்குன்னா குறிஞ்சித்தேன்ல ஆரம்பிங்க. ரெண்டுன்னா கூட சோளகர் தொட்டி. செமஸ்டர் லீவு முழுக்கப் படிப்பேன்னா எல்லாமே. ஆங்கிலம் ஓகேன்னா கொச்சரேத்தி, என் பிரதி நண்பன்கிட்ட இருக்கு. போன வாரம் திருப்பிக் கேட்டப்போ, "இன்னும் முடிக்கலடா, பார்வதி ஊரை விட்டு இறங்கற இடம் ரெண்டாவது தடவை படிச்சுக்கிட்டிருக்கேன்"னான்.

மூணு பக்கம் கேட்டிருக்கேன் அவன்கிட்டயும். பேர் போடலாமா வேண்டாமான்னு யோசிச்சுச் சொல்றேன்னிருக்கான்.